பால் கணக்கு, சலவைக் கணக்கு, சரித்திரம்

பெண்பிள்ளைக்குத் தமிழில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதத் தெரிந்தால் போதும் என்பதுதான் முதலில் போட்ட திட்டம். புதுக்கோட்டை சமஸ்தானத்தில், 1890களின் தொடக்கத்தில், கல்லூரி முதல்வராக இருந்த ஒருவரின் வீட்டிலேயே நிலைமை இதுதான். சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு அந்தத் திட்டம் போதவில்லை. தகப்பனார் கேட்டுக்கொண்டதற்கு மேலாக ஆங்கிலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். விஷயம் தெரியவந்தபோது பிள்ளை வெகுதூரம் போயிருந்தாள். அந்தப் பிள்ளையைத்தான் பின்னால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று நாடு அறிந்துகொண்டது.

1886 ஜூலை 30இல் பிறந்த முத்துலட்சுமிக்குப் பதின்மூன்று வயதளவில் பள்ளி நின்றது. பூப்பெய்திய பெண் தெருவில் நடந்து பள்ளிக்குப் போவது அன்றைய வழக்கத்தில் இல்லை. நின்றது பள்ளிதான், பாடம் நிற்கவில்லை. வீட்டிலேயே ஆசிரியரை வைத்தும் தந்தையிடமும் படித்து 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். இன்றைய சொல்லில் சொன்னால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை வீட்டில் முடித்த தனித்தேர்வர். நம் மாவட்டத்தில் வீட்டுக்கல்வி பற்றிப் பேச வேண்டுமானால் அந்த வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழில் இரண்டு வாக்கியங்கள் உண்டு. 'வீட்டில் இருக்கிறாள்' என்பது ஒன்று. 'வீட்டில் படிக்கிறாள்' என்பது மற்றொன்று. வயதுக்கு வந்த பெண்ணைப் பற்றி யாராவது விசாரித்தால் முதல் வாக்கியத்தைச் சொல்வார்கள். மாப்பிள்ளை பார்க்கிறோம் என்பதும் அதற்குள் அடங்கும். ஆவுடையார்கோயில் பக்கமோ கந்தர்வகோட்டை பக்கமோ, பேருந்து இல்லாமல், கழிப்பறை இல்லாமல், கூலி வேலைக்குப் போன அம்மாவுக்குப் பதிலாகத் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டி நின்றுபோன பெண்பிள்ளைகளும் அதே வாக்கியத்துக்குள்தான் வருவார்கள். இரண்டாவது வாக்கியம் நூறாண்டுக்கு முன்பும் அபூர்வம், இன்றும் அபூர்வம். அதைச் சொல்ல ஒரு குடும்பத்துக்குப் புத்தகம் வேண்டும், நேரம் வேண்டும், சம்பளம் வருகிற வேலையில் யாராவது இருக்க வேண்டும்.

புதுக்கோட்டை நகரில் என் தோழி ஒருத்தியின் குடும்பம் இந்த இரண்டாவது வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. மகள் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியிலிருந்து விலகினாள். காரணங்கள் அவளுடையவை, இங்கே வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவுசெய்து பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வு எழுதப் போகிறாள். பதினான்கு வயது நிறைந்திருந்தால் போதும், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கு அப்பாவிடம், அறிவியல் பக்கத்துத் தெரு அக்காவிடம் என்று பங்கு போட்டபோது சரித்திரம் என்னிடம் வந்தது. நான் படித்ததும் நடத்துவதும் தமிழ். "தமிழ்ல பிஎச்.டி. பண்ணினவளுக்குச் சரித்திரம் வராதா?" என்றாள் தோழி. கல்வெட்டு படிக்கிற துறை எங்களுடையதுதானே என்று ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் ஒரு முரண்டு இருந்தது. பெண்விடுதலை பற்றி நான் வாசித்தது, எழுதியது எல்லாமே வாசற்படி தாண்டுவதைப் பற்றியவை. வெளியே போ, பேருந்து ஏறு, பத்துப் பேரோடு உட்கார்ந்து படி என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள், ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் உட்கார்ந்து படிப்பதற்குத் துணைபோகலாமா? முத்துலட்சுமியின் பதின்மூன்றாம் வயதை நான் திரும்பத் திரும்ப யோசித்தது அதனால்தான். அவர் வீட்டில் படித்ததை வெற்றிக்கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அது ஒரு தடையின் மறுபக்கம். தடை இல்லாமல் இருந்திருந்தால் அவர் பள்ளியிலேயே படித்திருப்பார். இன்றைய பிள்ளையோ தானாக விலகியிருக்கிறாள், நினைத்தால் திரும்பப் போகலாம். கதவு எந்தப் பக்கத்திலிருந்து தாழிடப்பட்டிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

திறந்தநிலைப் பள்ளியின் சமூக அறிவியல் புத்தகம் பண்டைய உலகம், இடைக்கால உலகம், நவீன உலகம் என்று நகரும். அந்த வரிசையில் போனால் புதுக்கோட்டைக்கு வரவே வராது. நான் வேறு இடத்தில் பிடித்தேன். முதல் சனிக்கிழமை அவளிடம் கேட்ட கேள்வி இது: 1902இல், உன் வயதை ஒட்டிய ஒரு பெண், இதே ஊரில் வீட்டுக்குள் உட்கார்ந்து எந்தச் சரித்திரத்தைப் படித்திருப்பாள்?

அன்றைய மெட்ரிகுலேஷனுக்கு இங்கிலாந்து வரலாறும் இந்திய வரலாறும் பூகோளமும் படிக்க வேண்டும். டியூடர் அரசர்களையும் ஸ்டூவர்ட் அரசர்களையும் ஒரு பெண் மனப்பாடம் செய்துகொண்டிருந்த ஊரில் தொண்டைமான் அரசர் ஆண்டுகொண்டிருந்தார். அம்மன் காசு புழங்கியது. கடைவீதியில் கைமாறிய அந்தச் சின்னக் காசு தேர்வில் வராது. தொண்டைமான்கள் கும்பினியாருக்குத் துணைநின்றதால்தான் இந்தச் சின்ன ராஜ்யம் தப்பிப் பிழைத்தது என்பதும் அப்படி வந்திருக்காது. புதுக்கோட்டையின் சரித்திரத்தை நூலாக்கும் வேலை பிறகுதான் நடந்தது. மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயரின் நூல் 1916இல் வந்தது. கே.ஆர். வெங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தானக் கையேடு 1938 தொடங்கி 1944 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. இரண்டுமே ஆங்கிலத்தில். இரண்டும் இல்லாமல் இன்று யாரும் இந்த மாவட்டத்தைப் பற்றி எழுத முடியாது. அவற்றில் பெண்கள் வருகிறார்கள், பெரும்பாலும் அரசிகளாகவும் கோயிலுக்குக் கொடை தந்தவர்களாகவும். அந்தக் கொடையாளிகளிடம் பின்னால் வருகிறேன்.

முத்துலட்சுமியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் தந்தை நாராயணசாமி ஐயரிடம் கொஞ்சம் நிற்பார்கள். பிராமணர், கல்லூரி முதல்வர், தேவதாசி மரபில் வந்த பெண்ணோடு வாழ்ந்ததற்காகச் சொந்தங்களால் ஒதுக்கப்பட்டவர், மகளைப் படிக்கவைத்தவர். தாய் சந்திரம்மாளுக்கு ஒரு வரி கிடைக்கும். அதிலும் அவர் மகளுக்குக் கல்யாணம் பண்ணிவைக்க அவசரப்பட்டவராகத்தான் வருவார். படிக்கச் சொன்ன அப்பா, கட்டிக்கொடுக்கத் துடித்த அம்மா. பாடப்புத்தகத்துக்கு வசதியான கதை. என் மாணவி அந்த இடத்தில் நிமிர்ந்தாள். "அப்ப அந்த அம்மா கெட்டவங்களா, பெரியம்மா?"

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது சரி என்று நினைத்தேன். சந்திரம்மாளின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். குடும்பப் பெண் என்ற வட்டத்துக்கு வெளியே ஊர் வைத்திருந்த ஒரு குலம் அது. அந்தக் குலத்தில் வந்தவளை ஒரு பிராமணர் தம் துணையாக்கிக்கொள்ளலாம். ஆனால் அவருடைய சுற்றம் அவளை மனைவி என்று ஏற்காது. அப்படிப்பட்ட தாய்க்குத் தன் மகளின் கழுத்தில் ஊரறியத் தாலி ஏறுவது என்ன அர்த்தம் கொண்டிருக்கும்? நமக்குக் கல்யாணம் கூண்டாகத் தெரிகிறது, பல வீடுகளில் அது கூண்டுதான். சந்திரம்மாளுக்கோ அது தனக்குக் கிடைக்காத பாதுகாப்பு. மகள் படிப்பால் அடைய நினைத்த மரியாதையைத் தாய் திருமணத்தால் அடைய நினைத்தார் என்று நான் வாசிக்கிறேன். மகள் பிற்பாடு 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் சம்மதித்தார். தாயின் ஆசையும் மகளின் பிடிவாதமும் அந்தக் கல்யாணத்தில் ஒன்றுசேர்ந்ததாகவே படுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகள் பெண்களுக்குக் கதவு திறந்தபோது 'கௌரவமான' வீடுகள் தயங்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, எழுத்தும் பாட்டும் தாசிகளுக்கு உரியவை என்பது. அதாவது, இந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெண்பிள்ளைக்கு வீட்டிலேயே முறைப்படி கல்வி தந்த வீடுகள் அவை. ஐந்து ஏழு வயதில் பாடம் தொடங்கும். சுரம், தாளம், பதம், வர்ணம், அவற்றைப் பாட வேண்டிய தமிழ், தெலுங்கு. கற்பிப்பவர் நட்டுவனாராகிய அப்பாவோ தாத்தாவோ, பாட்டியோ. நாம் இன்று புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் பேசுகிற வீட்டுக்கல்வி அங்கே ஏற்கெனவே இருந்தது. அந்தக் கல்விக்கு விலையாகக் கேட்கப்பட்டதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொட்டுக்கட்டும் வயதில் எந்தச் சிறுமியிடமும் சம்மதம் கேட்கவில்லை.

இதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தோழி கவலைப்பட்டாள். ஊர் மறைத்துப் பேசுவதை எல்லாம் பிள்ளைகள் செல்பேசியில் கேட்டுவிடுகிற காலம். நான் கல்லிலிருந்து தொடங்கினேன். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே கோயிலில் உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார் அம்மனுக்குச் சந்நிதி எழுப்பிய செய்தியும் கல்லில் இருக்கிறது. சந்நிதி எழுப்புகிற அளவுக்குச் செல்வமும், கல்லில் பெயர் ஏறுகிற அளவுக்கு மதிப்பும் உள்ள ஒரு பெண். இடைக்காலத் தமிழகத்தின் கோயில் பெண்களைப் பற்றி லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் 2000இல் ஒரு முழு நூலே எழுதினார். கல்வெட்டுகளில் அவர்கள் கொடையாளிகளாக எவ்வளவு அடர்த்தியாக வருகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். தேவரடியார் என்ற சொல் எப்படி வசைச்சொல்லாக இறங்கியது என்று கேட்டால் அதுவே ஒரு முழுப் பருவத்துக்கான சரித்திரப் பாடம். அந்தச் சொல்லைப் பேருந்து நிலையத்தில் ஒருவன் இன்னொருவன் தாயைக் குறித்துச் சொல்லக் கேட்காத பெண் நம்மில் யார்?

முதல் பயிற்சியாக அவளுக்குக் கொடுத்த வேலை, வீட்டிலிருக்கும் அப்பத்தாவிடம் கேட்டு எழுதுவது. எழுபதைத் தாண்டியவர். "எட்டாவதோட நிப்பாட்டிட்டாக. கணக்குல நான்தேன் ஃபர்ஸ்ட்டு. வாத்தியாரு வந்து எங்க அய்யாகிட்ட கேட்டாரு, வேணாம்னுட்டாக." இவ்வளவும் ஒரு மூச்சில் வந்துவிட்டது. அறிவொளிக்கு வந்தபோதுதான் குரல் மாறியது. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் அவர் தொண்டராகச் சேர்ந்து, தன் வீட்டுத் திண்ணையில் ராத்திரி ஒன்பது மணிக்குமேல் சித்தாள் வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாராம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். அந்த இயக்கத்தோடு சேர்ந்து மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை நாடே திரும்பிப் பார்த்தது. "சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு நானுந்தேன் ஓட்டுனேன், உங்க தாத்தாவுக்குத் தெரியாம." பேத்தி இந்த வரியை நோட்டில் எழுதி, ஓரத்தில் 1992 என்று போட்டு வட்டமிட்டிருந்தாள். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட பெண்ணின் திண்ணை இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பள்ளிக்கூடமானது எந்தக் கையேட்டிலும் ஏறாது. அந்த நோட்டில் ஏறியிருக்கிறது.

முத்துலட்சுமிக்கு வருகிறேன். மெட்ரிகுலேஷன் தேறியவர் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம். எந்தக் குடும்பத்துப் பெண் என்பது மற்றொரு காரணம். பையன்களின் ஒழுக்கம் கெடும் என்றார்கள். (ஒழுக்கம் கெடுவது எப்போதும் பையன்களுக்கு, வெளியேற வேண்டியது எப்போதும் பெண்.) அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், உதவித்தொகையும் தந்தார். இந்த அரசரே 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மாலி ஃபிங்கை மணந்து ஆங்கிலேய அரசின் அங்கீகாரம் கிடைக்காமல் அல்லாடியவர் என்பதைச் சொன்னதும் மாணவிக்கு அவர்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய், ஆண்கள் பார்வையில் படாதபடி தட்டி மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்து படித்ததாக அந்த நாட்களைச் சொல்வார்கள். கல்லூரிக்குள்ளும் ஒரு வீட்டைக் கட்டி அதற்குள் அவரை வைத்திருக்கிறார்கள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் பட்டம். இவற்றை எல்லாப் புத்தகமும் சொல்லும்.

புத்தகங்கள் தடுமாறுகிற இடம் 1927. சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராகிவிட்ட முத்துலட்சுமி, கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929 சட்டத் திருத்தம் கோயில் ஊழியத்தோடு கட்டப்பட்டிருந்த மானிய நிலங்களை ஊழியத்திலிருந்து விடுவித்தது. முழுமையான தடைச் சட்டம் 1947இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் தேவதாசிப் பெண்களே சங்கம் வைத்து அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். எங்கள் மரபையும் விலைமகளிர் தொழிலையும் ஒன்றாக்காதீர்கள் என்று வாதிட்டார்கள். அதே குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பின் பக்கம் நின்று 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். ஒரே குலத்துப் பெண்கள், எதிரெதிர் அணிகள். என் மாணவி யார் பக்கம் நிற்பது என்று குழம்பினாள். குழம்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

சட்டம் வந்ததில் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. ஏழு வயதுச் சிறுமியின் உடலை யார் பெயரிலும் யாரும் எழுதிவைக்கக் கூடாது. ஆனால் பொட்டோடு சேர்த்து அந்த வீடுகளின் கல்வியையும் கழுவிவிட்டோம். சதிர் பெயர் மாறி, வேறு வீட்டுப் பெண்களின் அரங்கேற்ற மேடைக்குப் போனது. ஆடியவர்கள் வீட்டில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். நம் மாவட்டத்தின் விராலிமலையில், முருகன் கோயிலில் முப்பத்திரண்டு பெண்கள் ஆடிய மரபில் வந்த முத்துக்கண்ணம்மாள், தந்தை ராமச்சந்திர நட்டுவனாரிடம் வீட்டில் கற்று, ஏழு வயதிலிருந்து மலைப்படியேறி ஆடியவர். சென்னை மாகாணச் சட்டம் சமஸ்தானத்துக்குள் செல்லாது என்பதால் இங்கே கதை கொஞ்சம் தாமதமாக முடிந்தது. 1948இல் சமஸ்தானமும் இந்தியாவோடு இணைந்துவிட்டது. முத்துலட்சுமிக்கு 1956இல் பத்மபூஷண். முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ. ஒழித்தவருக்கும் ஒழிக்கப்பட்டதைச் சுமந்தவருக்கும் ஒரே அரசு விருது கொடுக்க அறுபத்தாறு ஆண்டு ஆகியிருக்கிறது. இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள் பிள்ளை, அவளுடைய அறைச் சுவரில்.

முத்துலட்சுமியின் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது சட்டமன்றத்தில் நடந்ததல்ல. 1930இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் சிலர் பொட்டுக்கட்டிலிருந்து தப்பி அவர் வாசலில் வந்து நின்றார்கள். விடுதிகள் சேர்த்துக்கொள்ள மறுத்தன. பிறப்பு அங்கேயும் முன்னால் போய் நின்றது. அவர் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஔவை இல்லம். தாம் ஒரு காலத்தில் வீட்டுக்குள் படித்தவர் என்பதை அவர் மறந்திருக்க மாட்டார்.

வீட்டுக்கல்வியை நான் முழுக்க ஏற்றுக்கொண்டதாக யாரும் எண்ண வேண்டாம். மூவலூர் ராமாமிர்தம் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. தாலிக்குத் தங்கம் போய்ப் படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் வந்தது. சந்திரம்மாளுக்கும் முத்துலட்சுமிக்கும் நடந்த வாக்குவாதம் அரசாணையில் தீர்ந்ததுபோல் எனக்குப் பட்டது. அந்த ஆயிரம் ரூபாய் அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்த பெண்பிள்ளைகளுக்கு உரியது. அப்படித்தான் இருக்க வேண்டும். என் மாணவிக்கு அது கிடைக்காது, அவளுக்குத் தேவையும் இல்லை. என் கல்லூரி வகுப்பில் அந்தப் பணத்தை நம்பித்தான் பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் கணக்குப் போடுகிற பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 'வீட்டில் இருக்கிறாள்' என்ற வாக்கியத்திலிருந்து அவர்களை வெளியே இழுத்தது அரசுப் பள்ளிதான். இதையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன். அவர்களில் மூன்று பேர் சனிக்கிழமைகளில் வந்து அவளோடு உட்கார்ந்து படிக்கிறார்கள். தேவரடியார் கல்வெட்டுகளை அவர்கள் வாசித்துக் காட்ட, அவள் வரைபடம் போடுகிறாள். அப்பத்தாவின் திண்ணைதான் வகுப்பறை.

தேர்வில் இவற்றில் ஒன்றும் வராது. நவீன உலகம் என்ற பகுதி வரும், அதையும் அவள் படிக்க வேண்டும், படிக்கத் தொடங்கிவிட்டாள். பிரெஞ்சுப் புரட்சியில் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்த பெண்களின் பெயரெல்லாம் ஏன் புத்தகத்தில் இல்லை என்று சென்ற வாரம் கேட்டாள். மார்க்கெட்டில் மீன் விற்ற பெண்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை குடுமியான்மலைக்குப் போகிறோம். உமையாள்வி நாச்சியின் பெயரைக் கல்லில் தேடிப் பார்த்து, படியெடுக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்பத்தாவும் வருகிறேன் என்கிறார்.